பதிவேட்டில் இருந்தும் தேடலில் அகப்படாதோர்: புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலக் குடிமைப் பதிவுகளும் குடும்ப வரலாற்றாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பல இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைத் தேடும் முறை குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டது. குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பெயரிடு மரபு அம்முறையில் என்னவாகிறது, அதனால் எவருடைய வரலாறு எளிதாகவும் எவருடையது அரிதாகவும் கிடைக்கிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, குடிமைப் பதிவு, ரெனோன்சான், பெயரியல், ஆவணவியல்

முன்னுரை

புதுச்சேரிக் குடும்பமொன்றின் பிறப்புப் பதிவைத் தேடுவோர் பிரான்சின் ஆவணக்காப்பகத்தை நாட வேண்டியிருப்பது ஏன் என்னும் வினாவிற்கு 1776ஆம் ஆண்டின் அரசாணை விடை தருகிறது. குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு படி எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என அவ்வாணை விதித்தது. இவ்வாறு சேர்ந்த படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றின் படிமங்களை எவரும் இணையத்தில் காணலாம். பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகளுக்குப் பின்னரே பொதுப் பார்வைக்கு வரும். அண்மைக் காலப் பதிவுகளுக்கு நாந்த் நகரின் மையக் குடிமைப் பதிவகத்தை அணுக வேண்டும்.

இத்தேடல் வெறும் ஆர்வத்தால் எழுவதன்று. 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்துவழித் தெரிவிக்க வேண்டும் என்றது. அன்று ஒரு பாட்டனார் எடுத்த முடிவு பேரப்பிள்ளைகளின் குடியுரிமையைத் தீர்மானித்தது. அந்த வழிமுறையை மெய்ப்பிக்க இப்பதிவுகளே சான்று.

பதிவேட்டின் தொடக்ககால எல்லை

பழைய பதிவேடுகள் 1676இல் தொடங்குகின்றன. ஆளுநராக இருந்த ஆல்ஃபிரட் மார்த்தினோ இவற்றுள் 1676 முதல் 1735 வரையிலானவற்றைச் சுருக்கி வெளியிட்டார். இத்தொன்மையைக் கொண்டு தமிழ்க் குடும்பங்களின் வரலாறும் அதுவரை செல்லும் எனக் கருதுதல் பிழையாகும். இவை கப்புச்சின் துறவியரின் பங்குப் பதிவுகள். ஐரோப்பியரும், ஐரோப்பிய நடையுடை மேற்கொண்ட கலப்பினக் கிறித்தவரான தொப்பாசியருமே அப்பங்கைச் சேர்ந்தோர். தமிழ்க் கிறித்தவர்கள் சேசு சபையாரின் பொறுப்பில் இருந்தனர். இந்துக்கள் எப்பங்கிலும் இடம்பெறவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை இதற்குத் தக்க சான்றாவார். தலைமைத் துபாஷியாக நகரின் அரசியலிலும் வணிகத்திலும் மேலோங்கியிருந்த அவருடைய பிறப்பையோ திருமணத்தையோ அப்பங்கின் ஏடுகளில் தேடிப் பயனில்லை. 1736 முதல் 1761 வரை தமிழ் ஆண்டு, மாதத்தோடு ஆங்கிலத் தேதியையும் குறித்து எழுதப்பட்ட அவருடைய நாட்குறிப்பே அவர் குடும்பச் செய்திகளுக்கு ஆதாரம். பதிவேட்டின் மௌனத்தை ஆளின்மையாகக் கொள்ளலாகாது என்பதை இவ்வொரு சான்றே உணர்த்தும்.

குடும்பப் பெயரும் தந்தை பெயரும்

பிற்காலப் பதிவுகளில் தமிழர் பெருமளவில் இடம்பெறுகின்றனர். சிக்கல் அங்கே வேறு வடிவம் கொள்கிறது. முருகேசன் மகன் ஆறுமுகம், ஆறுமுகம் மகன் முருகேசன் எனத் தொடரும் வழிமுறையில் தலைமுறைதோறும் நிலைத்து நிற்கும் பெயர் இல்லை. ஆகவே குடும்பப் பெயரைக் கேட்கும் தேடுபெட்டியில் எதை இடுவது என்பதே முதல் தடையாகிறது.

1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணை இந்நிலையை ஒரு பிரிவினருக்கு மட்டும் மாற்றியது. மரபுவழித் தனியாள் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வந்தோர் குடும்பப் பெயரொன்றை ஏற்க வேண்டியிருந்தது. ரெனோன்சான் எனப்பட்ட இவர்களுள் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. நீதிமன்றத்திற்கு ஐரோப்பியக் காலணி அணிந்து சென்றதால் வழக்கைச் சந்தித்து வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, ‘கதவு’ எனப் பொருள்படும் லபோர்த் என்னும் பெயரை ஏற்றார். சாதி வழக்கிலிருந்து வெளியேற வழிதந்த அதே பெயர், வழிமுறையைத் தேடுவோர்க்கு ஒரு முறிவாகவும் அமைகிறது. அதற்குப் பிந்திய தலைமுறைகளைத் தேடுதல் எளிது. முந்தியவர்களை அப்பெயரால் அடைய இயலாது. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் துறப்பு ஆவணமே அங்குத் திறவுகோல். துறவாத குடும்பங்களுக்கோ இம்முறிவு இல்லை. தேடுவதற்கான நிலைத்த பெயரும் இல்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இணையத்தில் கிடைத்ததை மட்டும் தொகுத்தால், புதுச்சேரியின் குடும்ப வரலாறு ரெனோன்சான் குடும்பங்களின் வரலாறாகச் சுருங்கிவிடும்.

எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல்

பிரெஞ்சு எழுத்தர் உகரத்தை ‘ஓ’, ‘யு’ என்னும் இரண்டு உரோமன் எழுத்துகளால் எழுதினர். ஆங்கில முறைக்கு ‘யு’ ஒன்றே போதும். ‘சண்முகம்’ பிரெஞ்சில் ‘சி’, ‘எச்’ எனவும் ஆங்கிலத்தில் ‘எஸ்’ எனவும் தொடங்கக்கூடும். ஆகவே தாத்தாவின் பிறப்புப் பதிவிலும் பேரனின் கடவுச்சீட்டிலும் ஒரே பெயர் இரு வேறு பெயர்களாகத் தோன்றலாம். மேலும் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் மறைவதால், ஏட்டிலுள்ளது வள்ளியா வல்லியா என்பதை எழுத்தைக் கொண்டு மட்டும் துணிய முடியாது. சாட்சிகள் தமிழில் கையொப்பமிட்டிருப்பின், உரியவரே எழுதிய பெயர் வடிவம் அங்குக் கிடைக்கும்; அட்டவணையை மட்டும் பார்ப்போர் இதைத் தவறவிடுவர்.

இப்பதிவுகளின் சிறப்பொன்றையும் குறிப்பிட வேண்டும். தந்தைவழியையே போற்றும் வாய்மொழி வரலாறுகள் மறந்த தாயின் பெயரை இவை பெரும்பாலும் தருகின்றன. தாய்வழியை மீட்க இவற்றினும் நல்ல சான்று அரிது.

முடிவுரை

கட்டணம் நீங்கியது பெரும் பேறே. எனினும் தமிழ்ப் பெயர்களை அறிந்த ஆய்வாளரின்றி இப்பதிவுகள் முழுப்பயன் தாரா. பெயரால் தேடுவதை விடுத்து, ஊரும் ஆண்டும் கொண்டு ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தல், தந்தை, தாய், சாட்சிகள், தொழில் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆளை உறுதிசெய்தல், புதுச்சேரியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக்காப்பகக் கிளையின் ஆவணங்களோடும் ஆலயப் பதிவுகளோடும் இணைத்துக் காணுதல் ஆகியன உடனடித் தேவைகள். பிரெஞ்சு எழுத்து வடிவங்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் இடையிலான ஒப்பீட்டு அகராதியொன்றைத் தமிழ்த்துறைகள் உருவாக்கினால், பதிவேட்டில் இருந்தும் தேடலில் அகப்படாதோர் பலரைத் தம் வழித்தோன்றல்களோடு சேர்த்துவைக்க இயலும்.