கேத்தல் தேடும் 100 பாகை

பண்டாரவளைக் கடைகளில் சாதாரண மின் கேத்தல்களோடு இப்போது இன்னொரு வகையும் விற்பனைக்கு இருக்கிறது. மூக்கு மெல்லியதாக நீண்டு வளைந்திருக்கும். அடித்தட்டில் 70, 80, 90, 100 என்று பொத்தான்கள். கேட்ட சூட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. விலையோ சாதாரணக் கேத்தல் மூன்று வாங்கக்கூடிய அளவு. நல்ல தேயிலை குடிக்கிறவர்களுக்கு இது அவசியம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஹப்புத்தளைக்குக் கொண்டுபோய், இயற்கைத் தோட்டம் ஒன்றின் முழு இலைக் கறுப்புத் தேயிலையோடு காலை நேரங்களில் இதைப் புழங்கிப் பார்த்தேன்.

முதல் சிக்கல் 100 என்ற பொத்தானிலேயே இருக்கிறது. அதை அழுத்தினால் எண் கடகடவென்று ஏறி 95க்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கிறது, மூடி ஆடுகிறது, ஆவியில் ஜன்னல் கண்ணாடி மங்குகிறது. கேத்தல் மட்டும் அணைவதாக இல்லை. வராத 100ஐ எதிர்பார்த்துத் தண்ணீரை வற்ற வைத்துக்கொண்டே இருக்கிறது. கையால்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

கருவி பழுதில்லை, அது மலையை அறியாதது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் நீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 98க்குச் சற்றுக் கீழே கொதிக்கும். 1,430 மீற்றரில் உள்ள ஹப்புத்தளையில் 95ஐ ஒட்டி. 1,600 மீற்றர் தாண்டிய இதல்கசின்ன ரயில் நிலையத்தில் 95கூட வராது. பழைய மாதிரிக் கேத்தலுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் பிடிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை ஆவி பட்டதும் வளைந்து கறன்டைத் துண்டிக்கும். தண்ணீர் எந்தப் பாகையில் கொதித்தால் அதற்கென்ன? எண்ணைப் பார்த்து அணைகிற கருவிக்குத்தான் மலை இடைஞ்சல். விலை கூடிய சில மாதிரிகள் சூடு ஏறாமல் நிற்பதைக் கண்டு தாமே அணைந்துவிடும். வாங்கும்முன் கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கொழும்பில் அல்ல, மேலே.

90ஐ அழுத்தினால் சரியாக அணைகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி சப்பென்று இருக்கிறது. நிறம் வருகிறது, வாசனை வரத் தயங்குகிறது. கறுப்புத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர்தான் வேண்டும். 70, 80 பொத்தான்கள் பச்சைத் தேயிலைக்கும் வெள்ளைத் தேயிலைக்கும் உரியவை. ஆக நான்கு பொத்தான்களில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதுவும் ஹப்புத்தளையில் வேலை செய்யவில்லை.

95 பாகை போதுமா என்று கேட்கலாம். தாராளமாகப் போதும். தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கர் ருசி பார்ப்பதும் அதே மலையில், அதே கொதிநிலையில்தான். கோப்பையை முதலில் சுடுதண்ணீரால் சூடாக்கி, மூடி போட்டு, அரை நிமிடம் கூட ஊற விட்டால் சரியாகிவிடும்.

கேத்தலோடு கூடவே வாங்கிய சட்டைப்பைத் தராசைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கிராமின் பத்தில் ஒரு பங்குவரை காட்டுகிறது, கேத்தலின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. முழு இலைக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளில் கரண்டிக் கணக்கு எல்லாம் தூள் தேயிலையைப் பார்த்து வந்தது. பி.ஓ.பி.எஃப். என்ற தூள் வகை ஒரு தேக்கரண்டி இரண்டரை, மூன்று கிராம் நிற்கும். கம்பி போல முறுக்கிய ஓ.பி. என்ற முழு இலை அதே கரண்டியில் பாதி எடைகூட இராது. கரண்டியை நம்பிப் போட்டுவிட்டு, ‘முழு இலையில் சாயமே இல்லை’ என்று குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இலையில் குறையில்லை, அளவில்தான் குறை.

ருசி பார்ப்பதற்கென்றே உலக நியமம் ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. 3103, முதலில் 1980இல் வந்தது. நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் இலை, மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் பாத்திரம், ஆறு நிமிடம். இதற்கு முன்னோடியான பிரித்தானிய நியமத்துக்கு 1999இல் சிரிப்பு மூட்டும் ‘இக் நோபல்’ பரிசு கொடுத்தார்கள். தேத்தண்ணி ஊற்ற ஆறு பக்கம் எதற்கு என்பது அவர்கள் கேலி. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் இந்தக் கேத்தலின் கையேட்டில் உள்ளதைவிட உபயோகமான விஷயம் இருக்கிறது. ஆறு நிமிடம் குறை கண்டுபிடிக்க வைத்த அளவு என்பதால், காலையில் நிம்மதியாகக் குடிக்க நான்கரை, ஐந்து நிமிடமே நல்லது. சீனி, பால்மா இரண்டையும் முதல் கோப்பையில் தவிர்த்துவிடுங்கள். அதே இலையில் இரண்டாம் முறையும் ஊற்றலாம், தூளில் அது நடக்காது.

ஊற வைக்கும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். சங்கிலி கட்டிய துளை உருண்டைகள் அழகுக்குத்தான். முழு இலை விரிய இடம் கேட்கும், உருண்டைக்குள் அது நெரிபட்டுப் பாதி காய்ந்தே கிடக்கும். கோப்பையின் அடிவரை இறங்கும் அகன்ற வலைக்கூடை ஒன்றும் அதன் மேல் ஒரு மூடியும் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது தேயிலை ருசிப்பவர்களின் வெள்ளைப் பீங்கான் ஜோடி. பல் வெட்டிய வாயும் மூடியும் உள்ள குவளையைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தால் இலை உள்ளே தங்கிச் சாயம் மட்டும் வடியும். மின்சாரம் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம்.

இனி இலை. ஹப்புத்தளை இருக்கும் ஊவாவின் பேர் சொல்லும் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கம் இறங்குவது வறண்ட கச்சான் காற்று. அந்த வறட்சியில் கொழுந்து சுணங்கி வளரும்போது மீதைல் சாலிசிலேற்று என்ற பொருள் அதில் கூடுகிறது. மூட்டுவலித் தைலங்களில் மணக்கிறதே, அதுவேதான். கோப்பையில் மருந்துபோல இராது. நாக்கின் ஓரத்தில் குளிர்ச்சியாக ஒன்று தட்டிவிட்டுப் போகும். 90 பாகைத் தண்ணீரில் காணாமல் போனது இதுதான்.

இயற்கை முறை என்பதற்காக ருசி கூடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணைக் கட்டிக் குடித்தால் பருவமும் உயரமும் தெரியும், உரம் தெரியாது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மண்ணுக்கும், மருந்து தெளிக்காத கைகளுக்கும் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதல்கசின்னவில் 1987இல் தொடங்கியது இயற்கைத் தேயிலை வேலை. ஐரோப்பியச் சான்றிதழுக்கு ஒரு தேயிலை மலையை மாற்றவே மூன்று ஆண்டு வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்து சில மாதங்களில் அரசு பின்வாங்கியதே, அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. எல்ல பக்கம் அம்பா தோட்டத்தில் கையால் உருட்டிச் செய்கிற தேயிலையும் இப்படிப் பொறுமையாக வந்ததே.

கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினம். தேத்தண்ணியின் மேல் ஏடு படியும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு சேரும். தேசிக்காய்ச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்தால் கழன்றுவிடும். ருசிக்கு வடிகட்டிய தண்ணீர்தான் வழி.

கேத்தலுக்கு நியாயமாக மூன்று நல்லது சொல்ல வேண்டும். மெல்லிய மூக்கிலிருந்து தண்ணீர் சிந்தாமல் விழுகிறது. அரை லீற்றர் மூன்றரை நிமிடத்துக்குள் கொதிக்கிறது. ஒரு யூனிற் மின்சாரத்தில் பதினெட்டு, இருபது முறை கொதிக்கவைக்கலாம். ஆனால் மூக்கைத் தவிர மற்றவை சாதாரணக் கேத்தலிலும் ஏறக்குறைய கிடைப்பவை. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது லயத்து அடுப்பில் கரிபிடித்த கேத்தலும் இதே தண்ணீரைத்தான் கொதிக்க வைத்தது.

தீர்ப்பு: பச்சைத் தேயிலையும் குடிப்பவர், அதுவும் பதுளைக்குக் கீழே வசிப்பவர், வேண்டுமானால் வாங்கலாம். மலையில் கறுப்புத் தேயிலை மட்டும் குடிப்பவருக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் தராசு, மூடியுள்ள வலைக்கூடைக் கோப்பை, மிச்சத்துக்குக் கச்சான் பருவத்து ஓ.பி. வாங்குங்கள். தோட்டத்து விற்பனை நிலையங்களுக்கு ஒரு கோரிக்கை: பைக்கற்றில் முடியும் திகதியைப் போடுகிற நீங்கள், கொழுந்து பறித்த மாதத்தையும் சேர்த்துப் போடுங்கள்.