தேற்றரவும் துணையும்

எங்கள் வீட்டுப் பாமாலைப் புத்தகத்தை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் தாள்கள் கறுத்திருக்கும். அடக்க ஆராதனைப் பாடல்கள் இருக்கும் இடம் அது. கிறிஸ்துமஸ் பாடல்களைப் புத்தகம் பார்க்காமலே பாடிவிடுவோம். துக்க வீட்டில்தான் கை நடுங்கிப் பக்கம் தேடும். மூன்று தலைமுறையின் வியர்வையும் விரல் அழுக்கும் படிந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். மனம் இற்றுப்போன வேளையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எதைப் பாடினார்கள்? அந்தப் பாட்டுகள் எந்தெந்த வழியாக வந்தன? எது தேற்றியது, எது தேற்றாமல் போயிற்று?

யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், சீடரை விட்டுப் பிரியும் வேளையில் இயேசு ஒருவரை அனுப்புவதாக வாக்குக் கொடுக்கிறார். பழைய மொழிபெயர்ப்பு அவரைத் ‘தேற்றரவாளன்’ என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘துணையாளர்’ என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்பது பொருள். இரண்டு தமிழ்ச் சொற்களும் அதற்குள் அடங்கும். பக்கத்தில் வந்து உட்காராத எவரும் யாரையும் தேற்றிவிட முடியாது என்பதை நான் வேதசாஸ்திரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, துக்க வீடுகளில்தான் தெரிந்துகொண்டேன்.

வேதாகமமே இதற்குச் சாட்சி. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். அவற்றில் பெரும்பாலானவை அழுது முடித்து நன்றியில் வந்து நிற்கும். 88ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. சிலுவையில் இயேசு கூவியதும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்க வரியைத்தான், கைவிடப்பட்டவனின் கேள்வியை. இந்த மரபில் பாட்டுக் கட்டுகிற எவருக்கும் இதுவே முதல் உரைகல் என்பது என் கருத்து. அழுகைக்கு இடம் விடாத பாட்டு எத்தனை இனிமையாக இருந்தாலும் சங்கீதப் புத்தகத்தின் வாரிசு ஆகாது.

நம்மிடம் முதலில் வந்து சேர்ந்தவை ஜெர்மானிய ஞானப்பாட்டுகள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் நாட்டு மெட்டுகளோடே பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். அந்நிய மெட்டு, இழுத்து நீட்டும் நடை, தமிழ் யாப்புக்குள் சரியாக உட்காராத அடிகள் என்று குறை சொல்லிக்கொண்டே போகலாம். ஆனாலும் அவை பிறந்த இடம் எது என்று பார்க்க வேண்டும். பால் கெர்ஹார்ட் 1607இல் பிறந்தவர். முப்பதாண்டுப் போர் ஊர்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் வளர்ந்தார். ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் புதைத்தார், பிறகு மனைவியையும் புதைத்தார். அவர் எழுதிய பெரிய வெள்ளிப் பாட்டை, முள்முடி சூட்டிய தலையைப் பார்த்துப் பேசும் அந்தப் பாட்டை, இன்றும் திருநெல்வேலிச் சபைகள் தமிழில் பாடுகின்றன. பாடுகிற ஆச்சிக்குக் கெர்ஹார்ட் யாரென்று தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் கட்டிய பாட்டு என்பது மட்டும் அவள் தொண்டைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

இந்தப் பாட்டுகளுக்கு நல்ல தமிழ் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பெப்ரீசியஸ் (1711–1791). வேதாகமத்தை மொழிபெயர்த்தவர் என்றே அவரை நினைக்கிறோம். சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த அந்தப் போதகர், பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, முதிய வயதில் கடனுக்காகச் சிறையும் இருந்தார். தன் தவறும் பிறர் தவறும் சேர்ந்து தலைகுனிய வைத்த முதுமை அது. அவர் தமிழாக்கிய பாட்டுகளில் பாவி பேசும் குரல் அத்தனை தாழ்ந்து ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சிறை நினைவுக்கு வராமல் போவதில்லை.

அடுத்தது நம் மண்ணின் கீர்த்தனை வழி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதன் தலைமகன். திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போய், பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு சேர்ந்து அவரிடம் படித்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்குள் கிறிஸ்துவின் பாடுகள் வந்தபோதுதான் தமிழ்க் கிறிஸ்தவனுக்குத் தன் சொந்தக் குரலில் அழ முடிந்தது. கீர்த்தனையின் பலம் பல்லவியில் இருக்கிறது. சரணம் ஒவ்வொன்றும் ஒரு புதுத் துன்பத்தை எடுத்துச் சொல்லும். பல்லவி திரும்பத் திரும்ப ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். துக்கப்பட்டவன் பேச்சும் அப்படித்தானே இருக்கிறது? எதைச் சொல்லத் தொடங்கினாலும் அந்த ஒன்றுக்கே திரும்பி வருவான். 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்ட பிறகு இந்தக் கீர்த்தனைகள் தஞ்சையைத் தாண்டி நாடெங்கும் பரவின.

ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. 1829 வாக்கில் சாஸ்திரியாருக்கும் இளம் மிஷனெரிகளுக்கும் மூண்ட சண்டையில் அவர் தமிழ்ப் பாட்டுக்காகவும் இசைக்காகவும் நின்றார், சாதி ஆசாரத்துக்காகவும் நின்றார். பாட்டுக்காக அவர் நின்றது சரி. சாதிக்காக நின்றதை நான் ஏற்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. சுவரின் இந்தப் பக்கம் நின்று உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடும்போது, அந்தப் பக்கத்தில் அழுகிறவர்களின் காதில் அது என்னவாக விழும்?

கீர்த்தனை வழியில் இன்னொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், முன்சீப். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியபோது அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். அதே கையால் மழை வேண்டியும் பஞ்சம் தீர வேண்டியும் கீர்த்தனைகள் எழுதினார். ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’யில் அவை இருக்கின்றன. பெயருக்கேற்ப எந்தச் சமயத்தாரும் பாடலாம். பசித்தவனிடம் பாட்டை மட்டும் கொண்டுபோகாத கவிஞர் என்பதால் அந்தப் பாட்டுகள் மேல் எனக்குத் தனி மதிப்பு.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்பது நியாயமில்லைதான். 1894இல் வந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியது. பனியனின் கதையில் நம்பிக்கையிழப்பு ஓர் அரக்கன். ஐயக் கோட்டையில் அவன் பயணியைப் பிடித்து அடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறான். பயணிக்குக் கடைசியில் நினைவு வருகிறது: வாக்குறுதி என்னும் சாவி இத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்திருக்கிறது. பனியனும் சிறை இருந்தவர் என்பதால் கோட்டையின் ஈரம்கூட அந்தக் கதையில் தெரியும். கிருஷ்ண பிள்ளை காப்பியத்துக்கு நடுவே தேவாரமாகச் சில பதிகங்களையும் வைத்தார். காப்பியம் இன்று புலவர் அலமாரியில் இருக்கிறது. தேவாரப் பகுதி மட்டும் எளியவர் ஜெபத்தில் மிஞ்சியிருக்கிறது. நெருக்கடியில் மனிதர் கைக்கு எட்டுவது சிறிய பாட்டுதான் போலும்.

நான் மிகவும் மதிக்கும் வழி, புராட்டஸ்டன்டுகளாகிய எங்களிடம் அதிகம் இல்லாத ஒன்று. கத்தோலிக்கரின் வியாகுல மரபு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். தவக்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கோயில்களில் அதை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் கேட்டு அழுவார்கள். வீரமாமுனிவரும் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’யில் மகனை இழந்த மரியாளை அழவிட்டார். இந்த வழியின் அடியில் கிடப்பது நம் ஒப்பாரி.

ஒப்பாரிக்காரி முதலில் செத்தவரைப் பற்றிப் பாடுவாள். நேரம் போகப்போகத் தன் சொந்தச் சாவுகளுக்கு நகர்ந்துவிடுவாள். கூட இருக்கும் பெண்களும் அவரவர் துயரத்தை அந்த ஒரே மெட்டில் ஏற்றி இறக்குவார்கள். வியாகுலத்திலும் இதுவே நடக்கிறது. அழுவது மாதாவின் பெயரால், இறங்குவது அவளவள் பாரம். இலங்கைப் போர்க்காலத்தில் மகன் காணாமல் போன தாய்க்கு ஊரில் வாய்விட்டு அழ இடமிருக்காது. கேட்கிற காதுகளுக்குப் பயப்பட வேண்டியிருக்கும். பெரிய வெள்ளியன்று கோயிலில் அழுதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மன்னார்ப் பகுதியிலுள்ள மடு மாதா திருத்தலத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதா சொரூபத்தையே குருமார் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. மாதாவும் தங்களைப் போல அகதியானாள் என்று அந்த மக்கள் சொன்னால் அதில் விளக்கம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒருத்தி நடந்து வந்தாள் என்ற நினைவு மட்டும் இருக்கிறது. வன்னியில் அந்த நினைவு பலரைப் பித்துப் பிடிக்காமல் காத்தது என்றே நான் நம்புகிறேன்.

நான்காவது, எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வந்த வழி. சகோதரி சாராள் நவரோஜியின் பாட்டுகள், பெர்க்மான்ஸ் அடிகளின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’, கை தட்டிப் பாடும் சிறு கோரஸ்கள். எழுத்தறியாதவர், ஆர்மோனியம் இல்லாதவர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இல்லாதவர் என்று பாமாலை எட்டாத வீடுகளுக்கெல்லாம் இவை போய்ச் சேர்ந்தன. டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008), வாலிபத்தில் வேலை கிடைக்காமல் மனமுடைந்து ரயில் தண்டவாளத்துக்குச் சாகப் போனதையும், வழியில் உறவினர் ஒருவர் மறித்து இயேசுவைப் பற்றிப் பேசியதையும் தம் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். இந்த வழியின் உயிர், மறித்து நிறுத்தும் அந்தக் கைதான்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. என் தங்கை மனச்சோர்வு நோயில் படுத்திருந்த வருஷம், சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்கு அவளை அழைத்துப்போனோம். மேடையிலிருந்தவர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் முகத்தில் மாற்றம் தெரியவில்லை. “விசுவாசம் போதலம்மா, மாத்திரய நம்புற வரைக்கும் கர்த்தர் எப்படிச் செயல்படுவாரு?” என்றார். அன்று இரவே அவள் மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த மூன்று வாரம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மறுபடி மருத்துவரிடம் போனோம். அவள் தேறினாள், மாத்திரையாலும் ஜெபத்தாலும். இதில் எது எத்தனை பங்கு என்று அவளும் பிரித்துப் பார்ப்பதில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கும் பாட்டையும் பிரசங்கத்தையும் நம் மரபு ஒதுக்கியே ஆக வேண்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரை நல்ல தேற்றரவாளர்களாகத்தான் இருந்தார்கள்.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் வீட்டில் எந்தப் பாட்டைப் பாடுவது? இந்த மரபுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. கோயில் மணி அடிக்காமல், மந்திரம் சொல்லாமல் புதைத்த காலம் ஒன்று இருந்தது. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மன வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் சொல்கிறது. எங்கள் சபையில் ஒருமுறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். ஜெயம், வெற்றி என்று வரும் பாட்டுகளை ஆயர் தொடவே இல்லை. பெப்ரீசியஸின் பழைய பாட்டு ஒன்றில் இரண்டு சரணம் மட்டும் பாடச் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் எங்களோடு சேர்ந்து பாடினார்கள்.

என் பெரியம்மாவின் மகன் இறந்த இரவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லாரி மோதி, இருபத்தாறு வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கடுங்காப்பி வாசனை, நடுவீட்டில் ஐஸ் பெட்டியின் உறுமல். வாலிபர் குழு கீபோர்டோடு வந்து வேகமான பாட்டொன்றை எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், அன்பாகத்தான் வந்தார்கள். ஆனாலும் இரண்டாவது அடியிலேயே ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா அழவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் அடுத்த தெரு ஆச்சி ஒருத்தி வந்து அவளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புத்தகம் இல்லாமல், யாருக்கும் எட்டும் தாழ்ந்த சுருதியில், ஒரு பழைய ஞானப்பாட்டை இழுத்து இழுத்துத் தொடங்கினாள். முதல் சரணம் முழுக்க அவள் குரல் மட்டுந்தான். இரண்டாவது சரணத்தில் பெரியம்மாவின் உதடு அசைந்தது. மூன்றாவதில் அவள் அந்த ஆச்சியின் மடியில் கவிழ்ந்து கதறினாள். ஆச்சி பாட்டை நிறுத்தவில்லை.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு சின்னப் பிள்ளை காய்ச்சலில் இறந்தபோது பெரியம்மாதான் முதலில் போனாள். நான் பாமாலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவள், என் கையைப் பார்த்துவிட்டு, “இப்ப வேண்டாம்டா, அவ கொஞ்சம் அழட்டும்” என்றாள்.