ஒரே குழாய் இல்லாத ஊர்

பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் வழக்கம் 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கியது. அதே ஃபுளோரைடு மிஞ்சினால் எலும்பை என்ன செய்யும் என்பதை எட்டு ஆண்டு முன்பே, 1937இல், சென்னை மாகாணம் எழுதிவைத்துவிட்டது. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவர் சகாக்களும் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் கிணற்று நீரால் முதுகு விறைத்துப்போனவர்களை ஆராய்ந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே கிடக்கும் அதே நெல்லூர்தான்.

கலப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளை பல் துலக்கினாலும் துலக்காவிட்டாலும், வீட்டில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து போய்ச் சேர்கிறது. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் நிறுத்திப் பார்த்தது; பிள்ளைகளின் சொத்தை கூடியதால் 2025இல் மறுபடி கலக்கத் தொடங்கியது. ஆனாலும் ஃபுளோரைடு பற்பசை பரவியபின் பலன் முன்னளவுக்கு இல்லை என்கிறது 2024இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு.

அதே ஆண்டு அமெரிக்க நச்சியல் திட்டத்தின் அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றது. அங்கே கலப்பது 0.7தான். எதிர்ப்பாளர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவது சரியில்லை. ஆனால் நடுவில் இருப்பது இரண்டு மடங்கு இடைவெளிதானே! சிப்காட் உருக்காலையில் உலை முன் நிற்பவர் குடிக்கும் தண்ணீரும் ஏசி அறையில் இருப்பவர் குடிக்கும் தண்ணீரும் ஒரே அளவா?

எனக்கு இதைவிடப் பெரிய தடை வேறு. இந்த முறையின் பலமே ஊருக்கெல்லாம் ஒரே குழாய் என்பதில் இருக்கிறது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரே வீட்டில் பாத்திரம் கழுவ போர் தண்ணீர், சமைக்க ஊராட்சித் தொட்டித் தண்ணீர், குடிக்க 20 லிட்டர் கேன். நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் ஆலையிலும் சரி, கேன் கம்பெனியிலும் சரி, ஆர்.ஓ. சவ்வு ஃபுளோரைடில் பெரும்பகுதியை வடித்துவிடும். போர் தண்ணீரில் எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். எந்தத் தொட்டியில், எந்தக் கணக்கில் கலப்பது? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரிலிருந்து மக்களை மீட்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நமக்குக் குடிநீரில் கலப்பது ஒத்துவராது. சொத்தைக்குப் பற்பசை போதும்.

கேன் போடுபவர் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி "சுத்தமான தண்ணி சார்" என்பார். மொத்த உப்பைக் காட்டும் அந்த மீட்டருக்கு ஃபுளோரைடைத் தனியே பிரித்துச் சொல்லத் தெரியாது. போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் அடுப்படிக்கு வர வேண்டாம்.