பெட்டிக்குள் ஒரு கூடு

மறைந்தார் நினைவாக மண்டபம் எழுப்புவோர் உண்டு. மரம் நடுவோரும் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவைகளுக்குக் கூட்டுப் பெட்டி அமைப்போரும் உளர். மரப்பலகையால் ஆன சிறு பெட்டி. முன்புறத்தில் வட்டமான ஒரு துளை. அதன் கீழே மறைந்தவர் பெயர் பொறித்த தகடு. அதனை வீட்டுத் தோட்டத்திலோ, தேவாலய வளாகத்திலோ, பொதுப் பூங்காவிலோ மாட்டி வைக்கின்றனர். இளவேனிலில் ஒரு சிறு குருவி பாசியும் மயிரும் கொணர்ந்து அதனுள் கூடு அமைக்குமாயின் உறவினர் உள்ளம் ஆறுதல் அடைகின்றது.

இவ்வழக்கம் போற்றற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அப்பெட்டியினுள் நிகழ்வதை நாம் உள்ளவாறே காண்கின்றோமா, அன்றி நம் உள்ளத்தில் இருப்பதையே அங்கும் காண்கின்றோமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை இரண்டு நூலாசிரியர்களின் எழுத்தைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் லென் ஹாவர்ட் அம்மையார். மற்றவர் டேவிட் லாக். முன்னவர் இசைவாணர், பின்னவர் பள்ளியாசிரியராய் இருந்து பறவையியல் அறிஞரானவர். இருவரும் கூட்டுப் பெட்டிகளின் துணையால் பறவைகளைக் கண்டறிந்தவர்கள். இருவரும் மறைந்தது 1973ஆம் ஆண்டிலேயே. ஆனால், அவர்கள் கண்ட முறை வேறு வேறு.

அம்மையாரின் வீடு

1894ஆம் ஆண்டிற் பிறந்த ஹாவர்ட் அம்மையார், இலண்டன் மாநகரில் இசைத்தொழில் புரிந்து வந்தார். பின்னர் அவ்வாழ்வைத் துறந்து, சசெக்ஸ் பகுதியில் டிச்லிங் என்னும் ஊரருகே சிறு வீடொன்றில் தனித்து வாழ்ந்தார். அவ்வீட்டின் சன்னல்கள் பறவைகளுக்காகத் திறந்தே இருந்தன. தோட்டத்தில் மட்டுமன்றி, வீட்டினுள்ளேயும் அவை இரவில் தங்குவதற்குப் பெட்டிகள் வைத்திருந்தார். கூண்டென்பது அங்கு இல்லை. வேண்டும்போது வரவும் வேண்டாதபோது பறந்து போகவும் பறவைகளுக்கு உரிமை இருந்தது.

1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதல் நூலின் தலைப்பு, 'பறவைகளும் தனித்தனி ஆட்களே' என்னும் பொருள்படுவது. உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி அதற்கு முன்னுரை வழங்கினார். 1956ஆம் ஆண்டில் 'பறவைகளோடு வாழ்தல்' என்னும் பொருளுடைய இரண்டாம் நூல் வந்தது. பட்டாணிக்குருவி இனத்தில் பெரிய வகையைச் சேர்ந்தவையே இந்நூல்களின் தலைமை மாந்தர் எனலாம். ஒவ்வொன்றையும் முகத்தாலும் நிற்கும் நிலையாலும் பறக்கும் பாங்காலும் இனங்கண்டு, பெயரிட்டு அழைத்தார் அம்மையார். ஒரு பெட்டிக்காக இரு குருவிகள் போரிட்டதையும், துணையை இழந்த குருவி மறுதுணை தேடியதையும், ஒரு தலைமுறைக்குப் பின் மறு தலைமுறை அதே தோட்டத்தில் இடம்பிடித்ததையும் குடும்ப வரலாறு போல் எழுதிச் சென்றார். இசை பயின்ற செவியாதலின், பறவைப் பாடலைப் பற்றிய பகுதிகள் தனிச்சிறப்புடையன.

இந்நூல்களின் வலிமை யாது? ஓர் இனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், ஓர் உயிரைப் பற்றிப் பேசுவது. அச்சங்கொண்ட பறவை தன் இயல்பை முழுதும் காட்டாது என்பது அவர் கொள்கை. அச்சம் நீங்கிய பறவையிடம் அவர் கண்டவை பல, பிறர் காணாதவை.

குறையும் உண்டு. தாம் கண்ட செயலைக் கூறும்போது அதன் உட்கருத்தையும் சேர்த்தே கூறிவிடுகின்றார். குருவி சினந்தது, பொறாமை கொண்டது, நன்றி பாராட்டியது என்னுமிடத்தில் காட்சி எங்கே முடிகிறது, விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிதல் படிப்போர்க்கு அரிதாகின்றது. மேலும், அவர் கையால் உணவு பெற்ற பறவைகளின் ஒழுக்கம் காட்டுப் பறவைகளின் ஒழுக்கத்தோடு எந்த அளவுக்கு ஒக்கும் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

ஆசிரியரின் கணக்கு

டேவிட் லாக் 1930களில் டெவன் பகுதியிலுள்ள டார்ட்டிங்டன் பள்ளியில் ஆசிரியராய் இருந்தார். அக்காலத்தில் அவர் ஆராய்ந்தது நெஞ்சு சிவந்த ராபின் என்னும் குருவி. ஆங்கிலேயர் தோட்டங்களில் ஆண்டுதோறும் தோன்றும் அப்பறவையை, 'எங்கள் வீட்டு ராபின்' என்று பலர் உறவு கொண்டாடுவர். மறைந்தவரின் வருகை என்று கருதுவோரும் உண்டு. லாக் அப்பறவைகளின் காலில் வண்ண வளையங்களை இட்டு, ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்தார். வளர்ந்த ராபின்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் மடிகின்றன என்பது புலனாயிற்று. ஆண்டுதோறும் வந்தது ஒரே பறவையன்று. ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பி வந்தது. 1943ஆம் ஆண்டில் வந்த 'ராபினின் வாழ்க்கை' என்னும் அவர் நூல் இவ்வுண்மையைக் கூறியது. படித்தோர் பலர்க்கு அது கசந்திருக்கும்.

ஆனால் லாக்கை உணர்ச்சியற்ற கணக்கர் என்று எண்ணுதல் பிழை. ராபினைப் பற்றி ஆங்கிலப் புலவரும் நாட்டுப்புற மக்களும் பாடியவற்றையும் சொல்லியவற்றையும் திரட்டி, 1950ஆம் ஆண்டில் தனி நூலாகவே வெளியிட்டார். பாட்டு வேறு, பதிவு வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது, ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கவும் வேண்டுவதில்லை என்பதை அவர் செயலாற் காட்டினார்.

1945ஆம் ஆண்டில் லாக், ஆக்ஸ்போர்டில் எட்வர்டு கிரே பறவையியல் கழகத்தின் தலைவரானார். அக்கழகமே ஒரு நினைவுச் சின்னம். பிரித்தானிய வெளியுறவு அமைச்சராய் இருந்தவரும், பறவைகளின் இனிமையைப் பற்றி 1927இல் நூல் எழுதியவருமான கிரேயின் நினைவாக அது நிறுவப்பெற்றது. கழகத்தார் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தது ஆக்ஸ்போர்டை அடுத்த வைட்டம் காடு. அதுவும் ஒரு நினைவுக் காடே. ரேமண்ட் ஃபென்னல் என்னும் படைத்தலைவர் தம் ஒரே மகள் ஹேசலை 1939இல் இழந்தார். அம்மகளின் நினைவாகவே அக்காட்டைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

அக்காட்டில் 1947ஆம் ஆண்டு முதல் பட்டாணிக்குருவிகளுக்குப் பெட்டிகள் மாட்டப்பட்டன. இன்று அவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வோர் இளவேனிலிலும் முதல் முட்டை இட்ட நாள், முட்டைகளின் எண்ணிக்கை, பொரிந்த குஞ்சுகள், பறந்து சென்ற குஞ்சுகள் அனைத்தும் எழுதப்படுகின்றன. லாக் மறைந்த பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. அக்காட்டுக் குருவிகள் 1960களில் முட்டையிட்டதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக இப்போது முட்டையிடுகின்றன. வேனில் வெப்பம் மிகுந்து புழுக்கள் முன்னதாகத் தோன்றுவதே காரணம். உலகின் தட்பவெப்பம் மாறி வருவதற்கு ஒரு சிறு குருவியின் பெட்டி சான்று கூறுகின்றது. தம் மகளின் பெயரால் காட்டைக் கொடுத்த தந்தை, இத்தகைய சான்று அங்கு விளையும் என்று கருதியிருக்க இயலாது.

கடைக்குஞ்சின் சாவு

லாக்கின் கொள்கைகளுள் ஒன்றை இங்குச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். ஒரு பறவை இத்தனை முட்டை இடுவது ஏன்? பெற்றோர் ஊட்டி வளர்க்க இயலும் குஞ்சுகளின் அளவுக்கே இயற்கைத் தேர்வு முட்டைகளின் எண்ணிக்கையை வரையறுத்தது என்பது அவர் விடை. முட்டைகள் ஒரே நாளிற் பொரியாமல் இடைவிட்டுப் பொரியும் இனங்களில், கடைசியிற் பொரிந்தது சிறியதாய் இருக்கும். உணவு நிறைந்த ஆண்டில் அதுவும் பிழைக்கும். உணவு குன்றினால் அது மட்டும் மடியும், மூத்தவை பிழைக்கும். அனைத்தும் மெலிந்து அனைத்தும் மடிவதினும் இது மேல். இக்கருத்து கேட்பதற்கு இனியதன்று. எனினும், பெட்டியைத் திறந்து நாள்தோறும் எண்ணியவர்க்கே இது புலப்பட்டது.

இதனை ஆங்கில நாட்டுச் செய்தியாக மட்டும் கருதவேண்டா. நம் சிங்கையிலேயே இதற்கொரு கடுமையான சான்று உண்டு. மலாய் மொழியில் எங்காங் எனப்படும் இருவாய்ச்சிப் பறவைகளுள் கறுப்பு வெள்ளை வகை, 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் அற்றுப்போயிற்று. 1994ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவில் அது மீண்டும் காணப்பட்டது. பெரும் பொந்துள்ள முதுமரங்கள் அருகிவிட்டமையால், 2004ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியாகச் செயற்கைக் கூடுகள் மரங்களில் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒளிப்படக் கருவிகளும் பொருத்தப்பட்டன.

பெண் இருவாய்ச்சி பொந்தினுட் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டுமே இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் இரை கொடுத்து வரும். இல்லற அன்புக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று நாம் எழுதுவதும் பேசுவதும் வழக்கம். ஆனால், கருவி காட்டிய காட்சி வேறு. கடைசியிற் பொரிந்த குஞ்சு கொல்லப்பட்டுத் தாய்ப்பறவையாலேயே உண்ணப்பட்டது. இச்செய்தி 2011ஆம் ஆண்டில் ராபிள்ஸ் விலங்கியல் இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்துள்ளது.

இதைக் கண்டபின் நாம் என் செய்வது? அத்தாயைக் கொடியவள் என்றால் ஹாவர்ட் அம்மையாரின் குறையே நம் குறையாகும். மனித நீதியைப் பறவைமேல் ஏற்றியவராவோம். லாக்கின் கொள்கையை உடனே எடுத்துச் சார்த்தி, 'உணவு குறைந்தது, ஆகவே கொன்றது' என்றாலும் பிழையாகும். அக்கூட்டுக்கு வந்த இரையின் அளவைக் கணக்கிட்ட பின்னரே அவ்வாறு கூறலாம். முதலிற் செய்யத்தக்கது, கண்டதைக் கண்டவாறு எழுதுதல். அன்புடைய இணை என்று முன்பு எழுதியதும் பொய்யன்று. ஆண் பறவை இரை கொணர்ந்தது மெய். இரண்டும் ஒரே கூட்டில் நிகழ்ந்தவை.

நம் பாடநூற் பறவைகள்

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் நீதி இலக்கியம் பறவையை அறங்கூறும் ஆசானாக நிறுத்துவது. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறிக் கூடிழந்த தூக்கணாங்குருவியின் கதை விவேகசிந்தாமணியில் உள்ளது. அக்கதை சுட்டும் நீதி மனிதர்க்கு உரியது. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால், அக்கதையோடு தூக்கணாங்குருவியைப் பற்றிய நம் அறிவு முடிந்துவிடுகின்றது. பம்பாயை அடுத்த கிஹிம் என்னும் ஊரில் 1930ஆம் ஆண்டில் சாலிம் அலி அதே குருவியை நாள்தோறும் இருந்து நோக்கினார். கூட்டைக் கட்டுவது ஆண் என்பதும், பாதி கட்டிய கூட்டைப் பெண் வந்து பார்த்து ஏற்றால் மட்டுமே அது முடிக்கப்பெறும் என்பதும், ஒரு கூடு நிறைந்ததும் ஆண் வேறொரு கூடு கட்டி வேறொரு பெண்ணை நாடும் என்பதும் அவர் கண்டவை. மாணவர் விவேகசிந்தாமணிக் கதையையும் படிக்கட்டும். சாலிம் அலி கண்டதையும் அறியட்டும். ராபினுக்கு லாக் செய்ததை, தூக்கணாங்குருவிக்கு நாம் செய்தல் இயலாததா?

முடிவாக, இருவருள் எவர் நெறி சிறந்தது? பல்லாண்டுகட்குப் பின் டச்சு நாட்டிலும் வைட்டம் காட்டிலும் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்தவர்கள், ஒரே இனத்தில் துணிவுடைய பறவையும் தயங்கும் பறவையும் தனித்தனியே உண்டென்றும், அவ்வியல்பு வழிவழி வருவதென்றும் அளந்து காட்டினர். பறவைக்குத் தனியியல்பு உண்டு என்ற அம்மையாரின் அடிப்படைக் கருத்து இவ்வாறு வென்றது. ஆனால், வெல்லச் செய்தது லாக் வகுத்த முறை. அம்மையார் இன்றேல் அவ்வினா நம் நெஞ்சில் ஊன்றியிராது. லாக் இன்றேல் விடை உறுதிப்பட்டிராது. ஒருவரை மட்டுமே தேர்ந்து நூலகத்தில் வைக்கவேண்டுமென்றால் யான் லாக்கையே தேர்வேன். எனினும், மாணவர் கையில் முதலிற் கொடுக்கத்தக்கது அம்மையாரின் நூலே.

நினைவுப் பெட்டி அமைப்போரும் இதனைக் கருதுதல் நன்று. பெட்டியின் துளை பறவையின் அளவுக்கு ஏற்றதாதல் வேண்டும்: பெரிய பட்டாணிக்குருவிக்கு 28 மில்லிமீட்டர், சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர். வெயில் நேரே தாக்காத பக்கம் நோக்கி மாட்டுதல் வேண்டும். குஞ்சுகள் சென்றபின் பழைய கூட்டை அகற்றித் தூய்மை செய்தல் வேண்டும். பெயர்த் தகட்டோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். இன்ன நாளில் வந்தது, இத்தனை முட்டை, இத்தனை குஞ்சு, இத்தனை சாவு என்று ஆண்டுதோறும் எழுதி வருக. இங்கிலாந்தில் 1939ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் எழுதி அனுப்பிய இத்தகைய கூட்டுக் குறிப்புகள் பேரளவில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

குஞ்சு இறந்த ஆண்டையும் மறைக்காமல் எழுதுக. துயரத்தால் வைத்த பெட்டியில் துயரம் நேர்ந்ததை எழுதுவது கடினம் என்பதை அறிவேன். ஆனால், மறைந்த ஒருவரை உள்ளவாறு நினைப்பதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு. அவர் பெயரால் வைத்த பெட்டியிலும் உள்ளதை உள்ளவாறு காண்போமாக.