இறுதி நிலவறையும் வெளியேறும் வழியும்: ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டின் முடிவுப் பகுதி குறித்த ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டு என்ற சொல் தமிழாசிரியர் கூட்டங்களில் ஒலிக்கும்போது, பெரும்பாலும் அது வாசிப்பின் பகையாகவே சுட்டப்படுகிறது. இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், பல மணி நேரம் நீளும் ஒரு கதையை முடிவுவரை நடத்திச் சென்ற மாணவன் கதைமுடிவு பற்றி எதை அறிந்துகொண்டான் என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. 1998 நவம்பரில் நிண்டெண்டோ 64 கருவிக்காக வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டின் முடிவுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது. முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கதை தன் நாயகனை இருளுக்குள் அனுப்புவது எளிது. அவனை எவ்வாறு வெளியே கொணர்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

முதலில் சொல்லைப் பற்றி. புதிர்களும் பகைகளும் நிறைந்த மூடிய இடத்தை ஆங்கிலத்தில் ‘டஞ்சன்’ என்பர். அகராதிகள் இதற்குப் பாதாளச் சிறை என்று பொருள் தரும். இவ்விளையாட்டிலோ அவ்விடங்கள் முதற்பகுதியில் ஒரு மரத்தின் உட்புறம், ஒரு குகை, ஒரு பெருமீனின் வயிறு. பிற்பகுதியில் ஐந்து கோயில்கள். எவையும் சிறைகள் அல்ல. பொதுச்சொல்லாக நிலவறை எனலாம். ஆனால் நம் காப்பிய மரபு இதனினும் பொருத்தமான சொல்லை வைத்திருக்கிறது: பிலம். கம்பராமாயணக் கிட்கிந்தா காண்டத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. புகுதலும் நீங்குதலும் ஒரே தலைப்பில் அமைந்திருப்பது கருதத்தக்கது.

இனி விளையாட்டிற்கு வருவோம். நாயகன் லிங்க், ஆறு முனிவர்கள் உண்டாக்கிய வானவில் பாலத்தின் வழியே பகைவன் கெனன்டார்ஃபின் கோட்டைக்குள் நுழைகிறான். நடுக்கோபுரத்தைச் சூழ்ந்த தடையை நீக்க வனம், நீர், நெருப்பு, நிழல், ஆன்மா, ஒளி என ஆறு சோதனைகளைக் கடக்கவேண்டும். ஒளியைத் தவிர மற்றவை முன்னர்க் கடந்து வந்த கோயில்களின் சுருக்கமே. நன்னூல் கூறும் உத்திகளுள் தொகுத்துச் சுட்டலை அடுத்து வகுத்துக் காட்டல் வரும். இங்கே வரிசை தலைகீழாகி, வகுத்துக் காட்டியவை இறுதியில் தொகுக்கப்படுகின்றன. ஆண்டிறுதித் தேர்வின் வாடை இதில் வீசுகிறது. அறிந்ததை மீண்டும் செய்துகாட்டுவதன்றிப் புதிதாக அறிவதற்கு இப்பகுதியில் அதிகமில்லை. இதனை இவ்விளையாட்டின் வலுவற்ற பகுதி என்றே மதிப்பிடத் தோன்றுகிறது.

கோபுரத்தின் படிகளில் கால்வைத்ததும் நிலைமை மாறுகிறது. மேலே எங்கோ ஆர்கன் ஒலிக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் காவலரை வென்று மேலேறும்போது அவ்வொலி வலுக்கிறது. உச்சியறைக் கதவைத் திறக்கும்போதுதான், இதுவரை பின்னணி இசையென்று கேட்டுவந்தது பகைவனே வாசித்துக்கொண்டிருந்த இசை என்று தெளிவாகிறது. கதைக்கு வெளியே இருப்பதாக நாம் கருதிய இசை கதைக்குள் இருந்திருக்கிறது. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. விளக்கமாக ஒரு சொல்லும் இல்லாமல், ஏறுபவனுக்கும் இசைப்பவனுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒலியளவாலேயே உணர்த்திய இந்த உத்தி எழுத்திலக்கியத்திற்கு எளிதில் வாய்க்காதது.

அவ்வறையில்தான் இளவரசி செல்டா பளிங்குச் சிறையில் அடைபட்டிருக்கிறாள். அகராதி கூறும் பாதாளச் சிறை என்ற பொருள் இந்த ஓரிடத்திற்கே, அதுவும் பாதாளத்தில் அல்லாமல் உச்சியில், பொருந்துகிறது. கெனன்டார்ஃப் வீழ்ந்ததும் கோட்டை இடியத் தொடங்குகிறது. மூன்று நிமிடங்களே தரப்படுகின்றன. வழியை மறிக்கும் கம்பிக் கதவுகளைத் திறக்க வாளேந்திய லிங்கால் இயலாது. சிறையிலிருந்து மீண்ட செல்டாவே தன் ஆற்றலால் ஒவ்வொன்றாகத் திறக்கிறாள். உள்ளே வரும் வழியை வீரன் அறிவான். வெளியேறும் வழியோ சிறைப்பட்டவளின் கையில் இருக்கிறது.

இவ்விடத்தில் பிலம் புக்கு நீங்கு படலத்தை ஒப்புநோக்கலாம். சீதையைத் தேடிச் சென்ற வானரர் வெம்மையால் வாடிப் பிலத்துள் புகுந்து, இருளில் திசையறியாது தவிக்கின்றனர். அனுமனின் வாலைப் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். இருளின் முடிவில் மயன் அமைத்த பொன்னகரும், அதனைக் காத்திருக்குமாறு விதிக்கப்பட்ட சுயம்பிரபையும் தென்படுகின்றனர். வான்மீகத்தில் சுயம்பிரபையே அவர்களைக் கண்மூடச் செய்து வெளியே சேர்க்கிறாள். கம்பரோ அனுமனைப் பேருருக் கொள்ளவைத்துப் பிலத்தையே பிளக்கச் செய்கிறார். அதனால் அவளுக்கும் விடுதலை கிட்டுகிறது. வான்மீகத்தில் வழியறிவு காவலிருந்தவளுடையது. கம்பரில் விடுதலை வீரனின் வலிமையால் வருவது. ஜப்பானிய விளையாட்டு இவ்வகையில் வான்மீகத்தின் பக்கம் நிற்கிறது. கம்பரின் காட்சியே பெருமிதம் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விளையாட்டின் முடிவில் செல்டாவுக்குக் கிடைக்கும் செயல் கம்பரின் சுயம்பிரபைக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கோட்டை மண்ணோடு மண்ணானபின் இடிபாடுகளிலிருந்து பகைவன் கெனன் என்னும் விலங்குருவில் எழுகிறான். முதல் வீச்சிலேயே லிங்கின் வாள் கைநழுவி நெருப்பு வளையத்திற்கு அப்பால் விழுகிறது. அதுவரை கதை முழுவதும் போற்றிவந்த அப்படைக்கலம் இல்லாமல், சம்மட்டியோ வேறு வாளோ கொண்டு போரைத் தொடரவேண்டும். ஆறு சோதனைகளில் கேட்கப்படாத வினா இங்கே கேட்கப்படுகிறது.

பகைவன் உருமாறி வருவது நம் மாணவர்க்குப் புதிதன்று. கந்தசஷ்டியின்போது ஆனைமுகம், சிங்கமுகம், சூரன் எனத் தலைகள் மாறுவதை முருகன் கோயில்களில் அவர்கள் கண்டிருப்பர். சுண்ணாம்புக்கல் மலையைக் குடைந்தாற்போல் அமைந்த கல்லுமலைக் கோயிலைக் கொண்ட ஈப்போவின் பிள்ளைகளுக்குக் குகையும் வேலும் அன்றாடக் காட்சிகள். வேறுபாடு முடிவில் உள்ளது. கெனன் இறுதி அடிக்குப்பின் முனிவர்களால் வேறோர் உலகில் அடைத்து முத்திரையிடப்படுகிறான்; அடைக்கப்பட்டவன் என்றேனும் மீளக்கூடும், தொடர்விளையாட்டுகளுக்கு அது வசதி. கச்சியப்பரின் சூரபன்மனோ மாமரமாய் நின்று வேலால் பிளவுண்டு மயிலும் சேவலுமாகிறான். பகை பகைவனோடு அடைபடாமல் ஊர்தியாகவும் கொடியாகவும் மாறிவிடுகிறது. முடிவின் ஆழத்தில் கந்தபுராணம் வெகுதொலைவு முன்னே நிற்கிறது. இந்த ஒப்பீட்டை மாணவனே செய்யும்படி விடுவதற்கு நம் வகுப்பறையில் இடமிருந்தால், விளையாட்டைக் கண்டிப்பதைவிடப் பயன் கூடும்.

ஒரு குறை எஞ்சுகிறது. மயன் அமைத்தான் என்று காப்பியம் பிலத்தின் தச்சனைப் பெயர்சுட்டிக் கூறுகிறது. கெனன்டார்ஃபின் கோட்டையைக் கட்டியவர் யார், படிகளை அடுக்கியவர் யார் என்று விளையாட்டு கூறுவதில்லை, ஆடுபவரும் கேட்பதில்லை. பேராக்கில் இருந்துகொண்டு இதனைக் கேளாமல் இருப்பது கடினம். பத்து காஜாவுக்கு அருகில் இரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தபின் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. தமிழகத்திலிருந்து வருவிக்கப்பட்ட தொழிலாளரே அதனை எழுப்பினர். நோய் பரவித் தொழிலாளர் பலர் மாண்டபோது அவர்கள் வேண்டியபடி அருகில் மாரியம்மன் கோயிலும் கட்டப்பட்டது. மாளிகைக்கு அடியில் சுரங்கவழிகள் உண்டென்றும், அவற்றுள் ஒன்று கோயில்வரை செல்கிறதென்றும் பேச்சு நிலவுகிறது.

பள்ளிச் சுற்றுலாவாக அங்குச் செல்லும் மாணவர்க்கு அவ்விடம் உடனே விளையாட்டின் நிலவறையாகத் தோன்றுகிறது. மறைவழியைத் தேடுகின்றனர், கடைசி அறை எது என்று வினவுகின்றனர். முடிக்கப்படாத கட்டடத்தில் கடைசி அறை இராது. வழிகளை அறிந்திருந்தவர்கள் அவற்றைத் தோண்டியவர்கள். இவர்களுள் சிலருக்கேனும் முன்னோர் முறையினர். அவர்கள் தோட்டத்தை விட்டு எவ்வழியில் வெளியேறினர் என்பது ஈப்போ, புந்தோங் வீடுகளில் தாத்தா பாட்டியரிடம் இன்னும் கேட்டறியத்தக்க செய்தி. சுற்றுலா முடிந்து எழுதப்படும் கட்டுரைகளிலோ மாளிகையின் ஆறுமாடிக் கோபுரமும், மின்தூக்கிக்கென விடப்பட்ட வெற்றுக் குழியும், ஸ்மித்தின் பெயருமே இடம்பெறுகின்றன. கோயிலின் மேற்புறத்தில் தொப்பியும் மேலங்கியும் அணிந்த உருவம் ஒன்று நிற்கிறது. அது ஸ்மித்தே என்று காட்டித்தர எப்போதும் எவரேனும் இருப்பர்.