பூஜ்யம் எழுதும் நேர்த்தி

மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காதது பெர்சிஸ்டன்ட் மெமரி. 2019-இல் அது இன்டெலின் ஆப்டேன் வடிவிலும் சர்வர்களுக்குள் வந்தது. அதில் ஓர் இடத்தைப் புதிய கோப்புக்குக் கொடுக்குமுன் பழையதை அழித்துப் பூஜ்யம் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படும். பூஜ்யம் நிரப்புவதில் ரசிக்க என்ன இருக்கிறது என்பவர்கள் லினக்ஸ் கெர்னலின் பிமெம் டிரைவரைப் படிக்க வேண்டும்.

ரெட் ஹாட் நிறுவனத்தின் விவேக் கோயல் 2020-இல் அதில் ஒரு பேட்ச் சேர்த்தார். கெர்னலில் பூஜ்யம் மட்டுமே நிரம்பிய மெமரிப் பக்கம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். வழக்கமாகத் தரவு எழுதும் ஃபங்ஷனிடமே அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். அழிப்பதற்கென்று தனி வழி கிடையாது. எழுதும் ஃபங்ஷனுக்குப் பழுதான இடங்களின் பட்டியல் தெரியும். அவற்றின் ‘பாய்சன்’ குறியை நீக்கத் தெரியும். கேஷில் தேங்கவிடாமல் மெமரிக்கே தள்ளவும் தெரியும். அந்த மூன்று திறமையும் கூடுதலாக ஒரு வரி எழுதாமலே பூஜ்யத்துக்கும் கிடைத்துவிடுகின்றன. மெமரியை நிரப்பும் வெறும் மெம்செட் ஃபங்ஷனைப் போட்டிருந்தால் பூஜ்யங்கள் கேஷிலேயே நின்றிருக்கலாம், பழுதும் நீங்கியிருக்காது.

அடுத்த நயம் அடக்கம். டிரைவரை அழைக்கும் கெர்னல் ஃபங்ஷனில், எத்தனை பக்கத்தில் பூஜ்யம் நிரப்புவது என்று சொல்ல இடம் உண்டு. ஆனால் ஒன்றைத் தவிர வேறு எண் வந்தால் பிழை என்று திருப்பிவிடும். பல சாதனங்களை ஒன்றாகக் காட்டும் டிவைஸ் மேப்பரில், நீண்ட பரப்பைத் துண்டு போட வேண்டிவரும். இன்னும் யாரும் கேட்காத வசதிக்காக அந்தச் சிக்கலை இழுத்துக்கொள்ளவில்லை. காரணத்தைக் கமெண்ட்டாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

பழுதான இடத்தில் எழுதும் வரிசையிலும் நுட்பம் உண்டு. முன்பு பாய்சனை நீக்குவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என இருமுறை எழுதினார்கள். நடுவில் வேலை தடைபட்டால், படிப்பவருக்குப் புதிய தரவோ பிழையோ கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஆனால் பழுதான பக்கத்தைக் கெர்னல் எட்டாதபடி விலக்கி வைத்திருந்தால் முதல்முறை எழுதுவதே கோளாறாகும். ஜேன் சூ என்ற டெவலப்பர் 2022-இல் அதைத் திருத்தினார்: முதலில் பாய்சனை நீக்கு, பிறகு ஒரே முறை எழுது.

புள்ளலூரில் இருந்து இதைப் படிக்கும் எனக்கு எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இல் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளை 921-இல் திருத்தி, விரித்து வெட்டினார்கள். இரண்டும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கெர்னலின் கிட் வரலாற்றிலும் பழைய வரி, புதிய வரி, மாற்றியதன் காரணம் மூன்றும் இருக்கின்றன.

கணினி படிக்கும் நம் பிள்ளைகளே, நிரல் எழுதக் கற்பதோடு நிறுத்தாதீர்கள். பிமெம் டிரைவர் சிறியது, எல்லாருக்கும் திறந்தது. ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.