தண்ணீருக்கு வழி விடுகிற மரம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்றால் 115 அடிக்குக் கீழே பறளியாறு ஓடுகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தின் நீளத்தையும் தூண்களின் உயரத்தையும் வியந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 1966-இல் கட்டி முடித்த அந்தப் பாலம் வியப்புக்கு உரியதுதான். எனக்கோ அது ஆறு பார்க்கிற மேடை. கரையில் நிற்கும்போது வெறும் பளபளப்பாகத் தெரிகிற தண்ணீர் மேலிருந்து பார்த்தால் தன் போக்கையெல்லாம் காட்டிவிடும்.

மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். நீர்ப்பரப்பில் அங்கங்கே கூர்முனைகள் தெரியும். முனை ஆறு வருகிற திசையைப் பார்த்து நின்றால் அடியில் ஒரு கல் கிடக்கிறது என்று பொருள். முனை ஆறு போகிற திசையைப் பார்த்தால் இரண்டு கல்லுக்கு நடுவே தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது; வள்ளமோ ஆளோ போக அதுதான் வழி. பெரிய பாறைக்குக் கீழ்ப்புறம் ஒரு சின்ன ஒதுக்கு இருக்கும். அங்கே ஒழுக்கு திரும்பி மேல்நோக்கி மெல்ல வரும். ஒரு பலா இலை அந்த ஒதுக்கில் சிக்கினால் ஆற்றோடு போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றில் அடித்துப்போகிறவன் மூச்சு வாங்க நிற்கக்கூடிய இடமும் அதுவே. தண்ணீரில் தப்பிக்கிற கலை கையிலும் காலிலும் தொடங்குவதில்லை. தண்ணி பார்க்கத் தெரிவதில்தான் தொடங்குகிறது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கலையில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று மலையிலிருந்து இறங்குகிற ஆறு, இன்னொன்று அது போய்ச் சேருகிற கடல். இரண்டுக்கும் இடையே தூரம் குறைவு. கோதையாறு பேச்சிப்பாறை அணையைத் தாண்டி, திற்பரப்பில் அருவியாக விழுந்து, திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறையைக் கடந்து தேங்காப்பட்டணத்தில் கடலோடு கலந்துவிடுகிறது. குழித்துறைத் தாமிரபரணி என்று இதற்குப் பெயர். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் இதற்கு உண்டு. ஆகவே இந்த ஆறு நீண்ட நாள் சாதுவாக இருப்பதில்லை.

ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடக்கிற பழைய ஆட்களைப் பார்ப்பது ஒரு சுகம். மறுகரையில் எந்தப் படித்துறைக்குப் போக வேண்டுமோ அதற்கு நேர் எதிரே இறங்க மாட்டார்கள். கரையோரமாக நடந்து நல்ல தூரம் மேலே போவார்கள். அங்கே இறங்கி உடம்பைச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டு நீந்துவார்கள். ஒழுக்கு அவர்களைக் கீழே தள்ளும், அவர்கள் குறுக்கே போவார்கள். இரண்டும் சேர்ந்து சரியாக அந்தப் படியில் கொண்டுபோய்விடும். ஆற்றோடு ஒரு கணமும் மல்லுக்கு நிற்பதில்லை. கையில் இருக்கிற பலத்தில் பாதிகூட செலவாகாது. மீதிப் பலத்தை என்ன செய்வார்கள் என்று கவனித்தால்தான் அருமை விளங்கும்: தலையைத் தூக்கி மேல்புறம் பார்ப்பார்கள், மரத்தடி ஏதும் மிதந்து வருகிறதா என்று.

சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சு பழக்க இரண்டு நெற்றுத் தேங்காயைக் கதம்பை உரிக்காமல் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். நடுக்கயிறு நெஞ்சுக்குக் கீழே வரும், தேங்காய்கள் இரு பக்கமும் மிதக்கும். வெள்ளக் காலத்தில் வாழைத்தடை. இரண்டு மூன்றைச் சேர்த்து மூங்கில் குச்சி குத்தினால் தெப்பம் ஆயிற்று. மூழ்காமல் இருக்க உடம்புக்கு வேண்டிய தாங்கல் மிகச் சொற்பம் என்பதை அந்த இரண்டு தேங்காயும் பிள்ளைக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடும். பதற்றத்தில் கையை மேலே தூக்கினால் உடம்பு இறங்கிவிடும்.

அதோடு இன்னொரு பாடம் உண்டு. ஒழுக்கு பலமாக இருக்கிற இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கக் கூடாது. அடியில் இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டால், முதுகில் வந்து தள்ளுகிற தண்ணீர் ஆளை முன்னுக்கு மடக்கி அமுக்கிவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அதனால் மல்லாந்து, கால் இரண்டையும் ஆறு போகிற பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்துக்கொண்டு மிதந்து போக வேண்டும். வரும் பாறையைக் கால் வாங்கிக்கொள்ளும், தலை தப்பிக்கும். இமயத்து ஆறுகளில் ரப்பர்த் தெப்பம் ஓட்டுகிறவர்கள் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதும் இதையேதான்.

ஆற்றில் நான் மிகவும் பயப்படுகிற இடம் அருவி அன்று. குழித்துறையில் இருப்பதுபோன்ற சப்பாத்துப் பாலமும் தடுப்பணையும்தான். அருவியின் ஆபத்து கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. சப்பாத்தின் மேல் வழிகிற தண்ணீரோ வழவழவென்று அழகாக இருக்கும், உயரமும் சொற்பம். ஆனால் அந்தப் பக்கம் விழுந்த தண்ணீர் அடிக்குப் போய், மேலே எழும்பி, திரும்பவும் சுவரை நோக்கி வருகிறது. அங்கே மிதக்கிற தேங்காய் ஒன்றைக் கவனியுங்கள். கீழே போகாது, சுவரில் முட்டும், அமுங்கும், எழும்பும், மறுபடி முட்டும். ஆள் விழுந்தாலும் அதே கதிதான். கல்லால் ஆன அருவியில் அங்கங்கே உடைப்பும் ஒதுக்கும் இருக்கும். மனிதன் கட்டிய நேர்ச்சுவருக்கு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தப்புகிற இடைவெளியே கிடையாது. எத்தனை நல்ல நீச்சல்காரன் ஆனாலும் சரி, தண்ணீர் வழிகிற சப்பாத்தை நடந்து கடப்பதும் அதன் கீழே குளிப்பதும் வேண்டாத வேலை.

மேலே அணைகள் இருப்பதையும் மறக்கக் கூடாது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி. அணை நிறைந்து உபரிநீர் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். ஊரில் வெயில் அடிக்கும், மலையில் கொட்டியிருக்கும். அறிவிப்புக்கு முன்பே ஆறு சொல்லிவிடும்: தெளிவாக ஓடிய தண்ணீர் தேயிலை நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் கூட்டமாக வரத் தொடங்கும், படியில் நனைந்த கோடு ஒரு விரற்கடை ஏறும். துணி துவைக்கிற பெண்கள்தான் இதை முதலில் கவனிப்பார்கள். "மக்களே, ஏறி வா, தண்ணி கலங்குது" என்று ஒரு குரல் வந்தால் பிள்ளைகள் மறுபேச்சு பேசாமல் கரையேறி விடுவார்கள்.

இனி இரண்டாவது பள்ளிக்கூடம். ஆறு கடலோடு கலக்கிற பொழிமுகத்தில் ஆற்று நீர் வெளியே தள்ள, கடலின் அலை உள்ளே வர, இரண்டும் மோதி அலை செங்குத்தாக எழும்பும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாற்றுக்கும் மணக்குடியில் பழையாற்றுக்கும் இதே கதைதான். பொழியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கரையலையும் புரியும். 4 அடி அலை ஏறக்குறைய 5 அடி ஆழத்தில் உடைகிறது. ஆகவே அலை எங்கே உடைகிறது என்று பார்த்தால் அடியில் மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு திட்டுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாக ஓர் இடம் தெரியும். கரைக்கு ஏறிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. சுற்றுலா வருகிறவர்கள் அலையில்லாத இடம் என்று நம்பி அங்கேதான் இறங்குகிறார்கள், அதுவே அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. கட்டுமரக்காரருக்கும் அதே இடம்தான் வேண்டும். அவருக்கு அது கடலுக்குப் போகிற பாதை. மாத்தூரில் பார்த்த கூர்முனை இங்கே உப்புத் தண்ணீரில் கிடக்கிறது.

கட்டுமரத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, நடுத்தடியைச் சற்றே தாழ்த்தி, முன்பக்கம் மூக்கு மேலே எழும்பும்படி இழைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கொம்பு வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டியிருப்பார்கள். ஓர் ஆணி கிடையாது. சுற்று விழுந்த இடங்களில் கயிறு மரத்தில் பதிந்து தடம் போட்டிருக்கும். அந்தத் தடத்தில் விரலை ஓட்டினால் எத்தனை முறை கட்டி அவிழ்த்திருக்கிறார்கள் என்று கைக்குத் தெரியும். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய தடி மிதப்புக் குறைந்துவிடும் என்பதால்.

உலகத்தில் படகு செய்கிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரை உள்ளே விடாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். கட்டுமரம் செய்தவன் தண்ணீருக்கு வழி விட்டான். அலை மேலே ஏறினால் தடிகளின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டிய தண்ணீர் என்று ஒன்று அதில் நிற்பதே இல்லை. நிறைந்து மூழ்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மீன்வளத் துறை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த மரங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். இதை எளிய படகு என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. இந்தக் கரையின் அலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யோசிக்க முடியுமா என்பது சந்தேகம்.

மரம் இறக்குகிற நேரத்தில்தான் கலையின் உச்சம். இரண்டு மூன்று பேர் மரத்தை ஈர மணல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். பிறகு ஒன்றும் செய்ய மாட்டார்கள், நிற்பார்கள். தூரத்துக் காற்றில் பிறந்து வருகிற அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. நீளம் சற்றே மாறுபட்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சில பெரியவை கூட்டமாக வரும், பின்பு ஒரு தணிவு வரும். அந்தத் தணிவுக்குத்தான் காத்திருப்பு. இளையவன் ஒருவன் அவசரப்படுவான். மூத்தவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பொறு மக்கா, இன்னும் ஒண்ணு கிடக்கு" என்பார். சொன்னபடியே ஒன்று வந்து உடையும். அது உடைந்து நுரை கரையேறித் திரும்புகிற நொடியில், திரும்புகிற தண்ணீரின் மேலேயே மரம் வழுக்கி இறங்கிவிடும். ஏறியவர்கள் மண்டியிட்டு, பிளந்த மூங்கில் துடுப்பைக் குத்திக் குத்தி இழுப்பார்கள். எதிரே அலை எழும்பினால் மரத்தின் மூக்கு அதற்கு நேராக நிற்கும், சாய்வு என்பதே கூடாது. ஆற்றில் சாய்ந்து கடந்தவர்கள் இங்கே நேர்கொண்டு ஏறுகிறார்கள். எங்கே எது என்று அறிந்திருப்பதுதான் தேர்ச்சி.

சில நாள் மரம் கவிழவும் செய்யும். அப்போதும் மரம் மூழ்காது. ஆட்கள் மூழ்கி எழுந்து, மரத்துக்கும் கரைக்கும் நடுவே நிற்காமல் கடல் பக்கமாக நீந்தி வந்து, கயிற்றைப் பிடித்துப் புரட்டி ஏறிவிடுவார்கள். மரத்துக்கும் கரைக்கும் நடுவே நின்றால் அடுத்த அலை தடியைக் கொண்டுவந்து நெஞ்சில் அடிக்கும். ஆற்றிலும் இதே விதிதான்: கவிழ்ந்த வள்ளத்துக்குக் கீழ்ப்புறம் நிற்காதே.

இவ்வளவு தெரிந்தவர்களே சில நாள் மரத்தைத் தள்ளாமல் திரும்பிப் போய்விடுவார்கள். அந்தத் திரும்பலையும் நான் கலையில்தான் சேர்ப்பேன். காற்றே இல்லாத நாளில், தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எழுந்த புயலின் அலை, நாள் கணக்கில் பயணப்பட்டு நம் கரையில் ஏறும். கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. முன்னெச்சரிக்கை வெளியாகியிருந்த நாள் அது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கடற்கரையில் எழுதி வைக்கிற பலகையோடு, அந்தந்த ஊர் மீனவர் ஒருவரையும் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். "இன்னும் ஒண்ணு கிடக்கு" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

1980-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே என்ற பொறியாளர் முட்டத்தில் மீனவர்களோடு இருந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கினார். கரையலையைத் தாண்டும் கட்டுமரத்தின் குணம் புதிய பொருளிலும் நிற்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் உயிர். இன்று ஃபைபர் வள்ளமும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்துவிட்டன. மூடிய அறைகளில் நுரைப்பொருள் அடைத்த வள்ளம் கவிழ்ந்தாலும் மிதக்கும். கட்டுமரத்தின் அறிவு அங்கே தொடர்கிறது. எஞ்சின் வேகத்தை நம்பித் தணிவுக்குக் காத்திராமல் பொழியைக் கடக்கிற பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது.

உயிர்காப்புச் சட்டை போடச் சொன்னால், நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கரையிலும் உண்டு, ஆற்றோரத்திலும் உண்டு. தடி தலையில் பட்டு நினைவு தப்பினால் எந்த நீச்சலும் உதவாது. அந்தச் சட்டை வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. கதம்பை உரிக்காத நெற்றுத் தேங்காயும் வாழைத்தடையும் கட்டுமரத் தடியும் செய்த அதே வேலையை, நினைவு தப்பிய ஆளின் முகத்தை மேலே பார்க்க வைத்துக்கொண்டு செய்கிறது. நெஞ்சுப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். தோள் பக்கம் பிடித்துத் தூக்கினால் காதுக்கு மேலே ஏறக் கூடாது.

கட்டுமரம் இறங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இடவப்பாதியின் சீற்றம் அடங்கியபின் விடிகாலையில் போகலாம். மேற்குக் கரை ஊர்களில் இன்றும் அங்கங்கே மரங்கள் உண்டு. ஈர மணலுக்கு மேலே, உலர்ந்த மணலில் நில்லுங்கள். அலையைப் பார்க்க வேண்டாம். அது யாருக்கும் தெரியும். முன்னால் மண்டியிட்டிருக்கிறவரின் தோளைப் பாருங்கள். அலை மரத்தின் மூக்கைத் தொடுவதற்குச் சற்று முன்பு அவர் துடுப்பை ஒரு முறை ஆழமாகக் குத்துவார். அந்தக் குத்து ஒரு நொடி முந்தினால் மரம் வேகம் இழந்து நிற்கும், ஒரு நொடி பிந்தினால் அலை புரட்டிவிடும்.